உடைந்த இடத்தில் விழிப்பது

ஜூன் 12, புதன்

கோமதிக்கு இன்று மாத்திரை ஆரம்பம். காலை எட்டு மணிக்கு இரண்டு, இரவு எட்டு மணிக்கு இரண்டு. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், வாந்தி உண்டா, எவ்வளவு நடந்தாள் என்று ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை கொண்டுவரும்படி டாக்டரம்மா சொன்னார்.

"இவுக சர்வேயர். அளந்துதான் எழுதுவாக" என்றாள் கோமதி.

முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளக்கத் தெரியும். எழுதுவேனா என்று பார்க்க வேண்டும்.

நவம்பரில் சினைப்பையில் புற்று என்று தெரிந்தது. டிசம்பரில் அறுவை. ஏப்ரல் கடைசி வரை ஆறு கீமோ. இப்போது தலையில் முடி அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது. நோய் திரும்பாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. கோமதிக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுவில் பழுது இருப்பதால் இது நன்றாக வேலை செய்யுமாம்.

கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார்: "அந்தப் பழுது பிள்ளைங்களுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. மகள்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிருதேன்" என்றாள் கோமதி.

வாந்தி இல்லை. இட்லி இரண்டு. மாடிப்படி ஒருமுறை.

ஜூன் 14, வெள்ளி

வாந்தி ஒன்று, காலை 9.20. எலுமிச்சம்பழம் முகர்ந்தாள். சரியாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

சங்கரி போன் செய்தாள். கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். இருபத்தொன்பது வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. தாயும் மகளும் இருபத்திரண்டு நிமிடம் பேசினார்கள். மிக்ஸி ரிப்பேர், கோவை மழை, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது. டாக்டரம்மா சொல்லச் சொன்னது வரவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். அரைக் கிலோ ஆகிவிட்டது. சாம்பாருக்கு அவ்வளவு தேவையில்லை.

ஜூன் 21, வெள்ளி

வாந்தி இல்லை. சோறு ஒரு கரண்டி அதிகம்.

இந்த மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். கோமதி பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியை. இருபது வருடமாக ஒரே ஒரு நொதியைத்தான் ஆராய்கிறாள் என்று தெரியும். பார்ப் என்று அதற்குப் பெயர். யாரைப் பார்ப்பீர்கள் என்று புதிதில் கேலி செய்திருக்கிறேன். அதற்கு மேல் கேட்டதில்லை.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ ரெண்டு இழை நூலா இருக்குல்லா. அது தெனமும் ஆயிரக்கணக்கான இடத்துல அந்துக்கிட்டே இருக்கும். வெயில்ல அறும், மூச்சு விடுததுலயே அறும். இந்த நொதி சும்மா கெடக்கும். வேலை செய்யுத வாயை அதோட ஒடம்புல ஒரு பாகமே மூடிக்கிட்டு இருக்கும். அறுந்த முனையைப் புடிச்ச ஒடனே மொத்த ஒடம்பும் மடங்கி வேற வடிவத்துக்கு வரும். அப்ப அந்த மூடி தளந்து வாய் தொறக்கும். தொறந்ததும் நீளமா ஒரு சங்கிலி கட்டும். அந்தச் சங்கிலியைப் பாத்து ரிப்பேர் பண்ணுத மத்த புரதமெல்லாம் ஓடி வரும்."

"வந்த பெறகு?"

"சங்கிலி நீள நீள அதுவே இந்த நொதியைத் தள்ளி விட்டுரும். எடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிரும்."

"மாத்திரை?"

"அந்த வாயில போயி அடைச்சுக்கிடும். நொதி அறுந்த எடத்தைப் புடிச்சுக்கிட்டே நிக்கும். சங்கிலி கட்ட முடியாது, வெலகவும் முடியாது. நல்ல செல்லுக்குச் சரி பண்ண வேற வழி இருக்கு, தப்பிச்சுக்கிடும். புத்து செல்லுக்கு அந்த வழி ஏற்கெனவே போச்சு. அதனால செத்துரும்."

இருபது வருடம் அந்த நொதி எப்படி விழிக்கிறது என்று பார்த்தவள், இப்போது அதை விழிக்கவிடாத மாத்திரையைத் தினம் நான்கு சாப்பிடுகிறாள். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"நல்ல வேடிக்கைல்லா."

ஜூன் 25, செவ்வாய்

முருங்கைக்காய் வாங்கப் போனேன். உழவர் சந்தையில் முற்றியதாக இருந்தது. கோமதிக்கு நார் இருந்தால் பிடிக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா தள்ளுவண்டியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். "வாங்குறதுக்கா, வைத்தியம் பாக்கவா" என்று அந்த அம்மா கேட்டார். ஆறு தேறியது. மூன்று சாம்பாரில், இரண்டு பொரியலில். ஒன்றை கோமதி வழக்கம் போலத் தனியாக வேகவைத்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டாள். வாந்தி இல்லை. தெருமுனை வரை நடந்தாள். 340 அடி, திரும்பி 340.

ஜூன் 29, சனி

இன்று தானாகவே நொதியைப் பற்றிப் பேசினாள். அந்த மூடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்ட நொதியை ஆய்வகத்தில் செய்து பார்த்திருக்கிறார்களாம். அது உடைசல் இல்லாமலே ஓயாமல் சங்கிலி கட்டுகிறதாம்.

"நல்லதுதானே" என்றேன்.

"இல்ல. எப்பமும் முழிச்சிருந்தா செல்லுல இருக்குத சக்தி எல்லாம் தீந்து செல்லே போயிரும். தேவையானப்பம் முழிச்சா போதும்." அதோடு, "நீங்க ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு என் மூக்குக்கிட்ட கை வச்சுப் பாக்குதீகளே, அதைத்தான் சொல்லுதேன்" என்றாள்.

நான் அப்படிச் செய்வதாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சங்கரி போன். பத்தொன்பது நிமிடம். பேசி முடித்ததும் கேட்டேன்.

"இன்னைக்காவது சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க சொல்லுங்களேன்."

"நீதான படிச்சவ. எனக்குச் சொல்லத் தெரியாதே."

"படிச்சதுனாலதான் முடியல" என்றாள். பிறகு குழம்பு வேண்டாம் ரசம் போதும் என்றாள். ரசம் வைத்தேன். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 18, வியாழன்

கோயம்புத்தூர் போய் வந்தேன். பஸ்ஸில் கூட்டம். சங்கரி நலம்.

ஜூலை 20, சனி

ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.1. போன மாதம் 10.4. கீரை, பேரீச்சம்பழம் வாங்கினேன். படி ஏறவில்லை.

ஜூலை 27, சனி

இன்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

மதியம் கோமதி இந்த நோட்டை வாங்கிப் படித்தாள். அவ்வப்போது படிப்பதுதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கோயம்புத்தூர்ல பழைய ஆபீஸ்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொன்னீக."

"ஆமா."

"முருங்கைக்காய் வாங்குனதுக்கு ஒம்பது வரி. கோயம்புத்தூர் போனதுக்கு ஒரு வரி. பந்தியில என்ன போட்டான்னுகூட எழுதல. என்னங்க நடந்துச்சு?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒருமுறை சொன்னதே நிற்கவில்லை. கிரகப்பிரவேசம் எதுவும் இல்லை என்றேன். சங்கரியிடம் சொல்லத்தான் போனேன் என்றேன்.

சங்கரியின் கிளினிக்குக்கு எதிரே ஒரு பேக்கரி. பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். "அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனைக்கா, முடியல" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கும் முடியவில்லை.

சங்கரி சொன்னாள்: "எனக்குத் தெரியும்ப்பா. பிப்ரவரில ஆஸ்பத்திரியில அம்மாவுக்குத் துணைக்கு இருந்தேன்ல, அப்ப ஃபைல்ல படிச்சேன். மார்ச்ல நானும் டெஸ்ட் எடுத்துட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"அம்மாவுக்கு இருக்கிறதுதான்."

மேசையில் முட்டை பப்ஸ் இருந்தது. அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்றாள். நோய் இல்லை, வரக்கூடிய வாய்ப்புத்தான் மற்றவர்களைவிட அதிகம், வருடா வருடம் ஸ்கேன் எடுத்தால் எதையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்று எனக்கு விளக்கினாள். அம்மா கீமோவில் கிடந்தபோது சொல்ல மனம் வரவில்லையாம். "அம்மா தன்னாலதான்னு நெனச்சு உடைஞ்சிரும்ப்பா. இப்ப சொல்லாதீங்க." நான் சரி என்றேன். பப்ஸைச் சாப்பிட்டேன்.

இவ்வளவையும் கோமதியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய், காலையில் துவைத்துக் காயப்போட்டிருந்த போர்வையைக் கொடியிலிருந்து இழுத்து மறுபடியும் வாளியில் முக்கினாள். சோப்புப் போட்டாள். கும்மினாள். மூச்சு வாங்கியது. தடுக்கப் போனேன், கையை உதறினாள்.

பிறகு சொன்னாள்: "அவளுக்குன்னு நான் குடுத்தது கடைசில இதானா."

நான் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் மறுபக்கம் முறுக்கினேன். நீர் முழுதும் வடிந்த பிறகும் இரண்டு பேரும் விடவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் நேரத்துக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் குளியலறையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரி. ஹீமோகுளோபின் 6.8. மாத்திரையால் எலும்பு மஜ்ஜை சோர்ந்துவிட்டது என்கிறார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டும். நிறுத்திய நாட்களில் நோய் திரும்பிவிடுமா என்று கேட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் ஆகாது என்றார். அதையே இன்னொருமுறை சொல்லும்படி கேட்டேன். சலிக்காமல் சொன்னார்.

ராத்திரி சங்கரிக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றும் சொன்னேன்.

"கிளம்பிட்டேன்ப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

சங்கரி விடியும்போதே வந்து சேர்ந்தாள். பையை இறக்கி வைக்காமல் கட்டில் பக்கத்தில் நின்றாள். கோமதி கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. எனக்குத் தெரியும், தூங்கினால் இடது கை தளர்ந்துவிடும்.

"அம்மா, நடிக்காத. கண்ணைத் தொற."

கோமதி திறந்தாள். "என்னால ஒனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்து. நீ யூனிவர்சிட்டில பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதத்தான் உனக்கு நான் சொல்லணுமா? எல்லாருக்கும் அந்த மரபணு ரெண்டு இருக்கு. எனக்கு உன்கிட்டருந்து வந்தது பழுது. அப்பாகிட்டருந்து வந்தது முழுசா இருக்கு. இருபத்தொம்பது வருஷமா அதுதான் என் ஒடம்புல தெனமும் வேலை பாத்துட்டிருக்கு."

கோமதி என்னைப் பார்த்தாள். ரத்தம் ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்காமல் சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

"அப்பாவோடதா? அது பத்து நிமிஷம் யோசிச்சுத்தான் எந்திரிக்கும்."

"எந்திரிச்சிருதுல்ல."

"எந்திரிச்சிரும்" என்றாள் கோமதி. "எந்திரிச்சு கோயம்புத்தூர் வரைக்கும் போயிரும்."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடிக்க வெளியே வந்தேன். ஃபிளாஸ்க் நிறைந்திருந்தது என்பது வராண்டாவில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரத்தம் இரண்டாவது யூனிட். இட்லி மூன்று, சங்கரி ஊட்டினாள். நான் ஊட்டினால் இரண்டுதான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஹீமோகுளோபின் 9.6. மாத்திரை மறுபடி ஆரம்பம். அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

சங்கரி லீவு போட்டு வந்திருக்கிறாள். கோமதி எங்கள் இரண்டு பேரையும் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனாள். அவளுடைய ஆய்வகத்துக்குள் நான் போவது இதுதான் முதல் முறை. இத்தனை வருடம் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்ததோடு சரி. உள்ளே மெல்லிய இரைச்சலோடு குளிர்பெட்டிகள். கோமதியின் நாற்காலியில் ஒரு சால்வை தொங்கியது. காணாமல் போய்விட்டது என்று நாங்கள் தேடிய சால்வை.

பெனிட்டா என்ற ஆராய்ச்சி மாணவி கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் காட்டினாள். பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக நான்கு பத்திகள். "நீயே சொல்லு" என்று கோமதி தள்ளி உட்கார்ந்தாள்.

"சார், முதல் பத்தியில நொதி மட்டும். ஒண்ணுமில்ல, பாருங்க. ரெண்டாவதுல நொதியோட முழு டி.என்.ஏ. உடைசல் இல்லாதது. லேசா ஒரு நிழல், அவ்வளவுதான். மூணாவதுல உடைச்ச டி.என்.ஏ."

மூன்றாவது பத்தி மேலிருந்து கீழ்வரை கன்னங்கரேலென்று இருந்தது. மை கொட்டி இழுத்த மாதிரி. அத்தனையும் நொதி கட்டிய சங்கிலி என்றாள்.

"நாலாவது?" என்று கேட்டாள் சங்கரி. அது வெறுமையாக இருந்தது.

கோமதி எழுந்து வந்து திரையைத் தொட்டாள். "அதுலயும் உடைச்சதுதான் இருக்கு. நொதியும் இருக்கு, புடிச்சுக்கிட்டும் இருக்கு. கூட மருந்தும் இருக்கு. நான் காலையிலயும் ராத்திரியும் முழுங்குத மருந்து."

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இந்தப் படத்தைத் தன் பேராசிரியைக்குக் காட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

சங்கரிதான் கேட்டாள்: "அம்மா, உடைஞ்ச எடம் இதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தேடுமா?"

"தேடத் தெரியாது. நூல் நெடுக தொட்டுத் தொட்டு போய்க்கிட்டே இருக்கும். நல்லாருக்குத எடத்துல தொட்டா வழுக்கிக்கிட்டுப் போயிரும். அறுந்த எடத்துல கை வச்சாத்தான் ஒடம்பு மடங்கும். மடங்குனாத்தான் வாய் தொறக்கும். எந்தப் பாகம் மொதல்ல அசையுதுன்னுதான் இருவது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

"கண்டுபிடிச்சாச்சா?"

"பாதி. மீதியை பெனிட்டா கண்டுபிடிப்பா."

"நீங்களும்தான் மேடம்" என்றாள் பெனிட்டா. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

வரும் வழியில் ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்திருந்த கோமதி, என் தோளில் கை வைத்தாள். எப்போதும் பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வாள். நாற்பதுக்கு மேல் போகவில்லை. சங்கரி ஆட்டோவில் எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டாள்.

செப்டம்பர் 11, புதன்

கோமதிக்கு சி.டி. ஸ்கேன். புதிதாக எதுவும் இல்லை. ரத்தத்தில் புற்றைக் காட்டும் குறியீடும் சாதாரண அளவில். ஹீமோகுளோபின் 10.2. வாந்தி இல்லை. பால்கோவா ஒரு கை. யாரும் அளக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன். கோமதி எழுதச் சொன்னாள்.

செப்டம்பர் 28, சனி

சங்கரிக்கு முதல் ஸ்கேன். ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே சொல்லிவிட்டார்கள். முடிவை முதலில் எழுதிவிட்டேன், இனி நடந்ததை எழுதலாம்.

கோவையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் சங்கரி. கோமதி ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே மதுரையில்தான், நானும் வருவேன் என்றாள். "என் ஆஸ்பத்திரிக்கெல்லாம் நீ வந்தேல்லா. ஒனக்கு யாரு வருவா?"

ஸ்கேன் மையத்தில் கூட்டம். மூன்று நாற்காலி சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. கோமதியும் சங்கரியும் உட்கார்ந்தார்கள், நான் பைகளோடு நின்றேன். கோமதியின் முடி இப்போது காதை மூடுகிறது, சுருட்டையாக வளர்ந்திருக்கிறது. முன்பு சுருட்டை கிடையாது. வரவேற்பில் இருந்த பெண் அட்டையில் செருகிய ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, பார்த்த உடனே கோமதியிடம் நீட்டினாள். "பேஷன்ட் நீங்கதானேம்மா?"

"இல்ல, இவ. நான் கூட வந்தவ" என்றாள் கோமதி. அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படிவம் தமிழில் இருந்தது. சங்கரி தன் பெயர், வயது எல்லாம் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் குடும்ப விவரம். ரத்த உறவில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா, என்ன உறவு, எந்த வயதில், இப்போது உயிருடன் இருக்கிறாரா. சங்கரியின் பேனா நின்றது. வழக்கமாக நான் இந்த மாதிரி இடத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இன்று போகவில்லை.

கோமதி அட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உறவு என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதினாள். எந்த வயதில் என்பதற்கு 54. விடைத்தாள் திருத்துகிறவளின் திருத்தமான கையெழுத்து. மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதற்கு 'ஆம்' என்று எழுதி, மரபணுவின் பெயரையும் எழுதினாள்.

கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் தாமதித்தாள். சங்கரி எட்டிப் பார்த்தாள்.

"இருக்கிறார்னு எழுதும்மா."

கோமதி 'இருக்கிறேன்' என்று எழுதினாள்.